ஊர் பேங்க்ல வேலை கிடைச்ச தம்பி தங்கச்சிமாருக்கு: கவுண்டர்ல இருந்து கோயில் கணக்கு வரைக்கும் பேர் கெடாம இருக்கிறது எப்படி

மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் ஒரு சின்ன டவுன் பிராஞ்ச்ல வேலை கிடைச்சிட்டு எண்டா சம்பளம் வாற வேலை ஒண்டுதான், ஆனா ஊர் தாற வேலை அதுக்கு மேல நாலஞ்சு வந்து சேரும். கோயில் பொருளாளர், ஸ்கூல் அபிவிருத்திச் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கிற ஆள், மரண உதவிச் சங்கத்துக்குச் சல்லி வைச்சிருக்கிற ஆள், விளையாட்டுக் கழகத்துக்கு செக் எழுதுற ஆள், பக்கத்து வளவு பெத்தாவுக்கு ஏடிஎம் கார்ட் விளங்கப்படுத்துற ஆள், எல்லாம் நீங்கதான். ஆரும் உங்கட்ட விருப்பம் கேக்கமாட்டாங்க, "பேங்க்ல இருக்கிற புள்ளதானே" எண்டு தலையில வைச்சிட்டுப் போயிருவாங்க.

நான் இந்தப் பக்கத்துப் பிராஞ்சுகள்லயே தலை நரைக்கிற வரைக்கும் இருந்து இப்ப பென்சன்ல இருக்கிறன். புதுசாச் சேர்ந்த பிள்ளையள் அடிக்கடி கேக்கிற விஷயங்களைத்தான் எழுதுறன். என்ட எண்ணம் இதுதான், ஊருக்குச் செய்யிற உதவியில முக்கால்வாசி கவுண்டருக்கு உள்ளயே முடிஞ்சிரும். மிச்சத்தை வெளியில செய்யக்குள்ள பேங்க்ல பழகின அதே ஒழுங்கை வெளியிலயும் வைச்சிருந்தாக் காணும், தனியா ஒரு சமூக சேவையாளர் வேஷம் தேவையில்ல.

முதல்ல வாய்

வேலைக்குச் சேரக்குள்ள ஒரு கட்டுத் தாள்ல கையொப்பம் வைப்பீங்க, அதில ஒண்டு இரகசியம் காக்கிற பிரகடனம். 1988ம் ஆண்டு 30ம் இலக்க வங்கிச் சட்டத்தின் 77ம் பிரிவு. அண்டைக்கு இருக்கிற சந்தோசத்தில ஆரும் வாசிக்கிறதில்ல, நீங்க வாசிங்க. சின்ன ஊர்ல அந்தத் தாள்தான் உங்கட முழு வாழ்க்கையும்.

எப்படி எண்டா, நம்மட பக்கம் கலியாணம் பேசக்குள்ள பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு வளவு குடுக்கிற வழக்கம், அதுக்கு மேல கையில என்ன இருக்கு எண்டு மாப்பிள்ளை பகுதிக்கு ஒரு துடிப்பு. உங்கட மாமாவோ மச்சானோ பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு மெல்லக் கேப்பார், "மகன், அந்த ரிட்டயர்ட் வாத்தியார்ட கணக்கில எவ்வளவு கிடக்கு, சும்மா தொகையச் சொல்ல வேணாம், இருக்கா இல்லையா எண்டு மட்டும் சொல்லு." இந்த இருக்கா இல்லையா எண்ட கேள்விக்கும் பதில் இல்ல. அவருக்கு நம்ம பிராஞ்ச்ல கணக்கு இருக்கு எண்டதையே சொல்லக் கூடாது. "சொல்ல ஏலாது மாமா" எண்டு சொன்னா அதுக்கும் ஒரு கருத்து எடுத்திருவாங்க, அதனால எல்லாருக்கும் எப்பயும் ஒரே பதில் வைச்சிருக்கணும். நான் சொல்றது, "நான் பேங்க் கதவைத் தாண்டினா எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல." இதைச் சிரிச்சிக்கிட்டுச் சொல்லணும், முறைச்சிக்கிட்டுச் சொன்னா பெருமை பிடிச்சவன் எண்டுருவாங்க. ரெண்டு மூண்டு வருஷம் ஒரே பதிலைச் சொன்னீங்க எண்டா கேக்கிறதை விட்டிருவாங்க. கேக்கிறதை விட்ட அதே ஆக்கள்தான் மறுகா தங்கட சல்லியக் கொண்டு வந்து உங்கட பிராஞ்ச்ல போடுவாங்க, ஏனெண்டா தங்கட கதையும் வெளிய போகாது எண்டு அவங்களுக்குத் தெரியும்.

வீட்டுலயும் அப்படித்தான். புருசன் பொஞ்சாதிக்கும் சொல்லப்படாது. அடகு விஷயம் முக்கியமா. ஒரு அம்மா தாலிக்கொடியைக் கொண்டு வந்து வைச்சிட்டுப் போறது அவட புருசனுக்கே சிலவேளை தெரியாது, அதை நீங்க வீட்டுல கதைச்சா குளத்தடியில கேக்கும். அடகு கவுண்டர்ல நிக்கிற ஆளைத் தெருவில கண்டா "என்ன அக்கா அண்டைக்கு வந்தீங்க" எண்டு கேக்கவே வேணாம். தலையை ஆட்டிட்டுப் போங்க.

முதல் வருஷங்கள்ல என்ன படிக்கணும்

பட்டம் முடிச்சிட்டு வாற பிள்ளையளுக்கு நேரா லோன் மேசையில இருக்க விருப்பம். வேணாம். முதல்ல காசு எண்ணப் பழகுங்க, மெஷின் இருந்தாலும் கையால எண்ணப் பழகுங்க, கள்ள நோட்டு கையில படக்குள்ளதான் தெரியும். பின்னேரம் காசு சரிவர முதல் வீட்டுக்குப் போற பழக்கம் வரவே கூடாது. பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆள். ஒருத்தர் மற்றவர்ட சாவியை "ஒரு நிமிஷம் தாங்க" எண்டு கேட்டாலும் குடுக்கிறதில்ல. இந்த ரெண்டு சாவிப் பழக்கத்தைக் கவனமா மனசில வைச்சிருங்க, கோயில் கணக்குக்கு வரக்குள்ள திரும்பத் தேவைப்படும்.

அதுக்குப் பிறகு அடகு. நம்மட பக்கத்துப் பிராஞ்சுக்கு அடகுதான் உயிர். உரைகல்லும் அசிட்டும் வைச்சுத் தங்கம் பார்க்கிறது, கல்லு வைச்ச நகையில கல்லுக்கு எவ்வளவு கழிக்கிறது, 22 கரட்டா குறைஞ்சதா எண்டு பார்க்கிறது, இதெல்லாம் ஒரு மூத்த ஆளோட பக்கத்தில இருந்துதான் வரும். அதோட ஊரின்ர நாட்காட்டியும் அங்கதான் படிக்கலாம். ஐப்பசி கார்த்திகையில பெரும்போக வெள்ளாமைக்கு விதை, உரம், உழவுக் கூலி எண்டு நகை உள்ள வரும், மாசி பங்குனியில அறுவடை முடியத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. நெல்லு விலை விழுந்த வருஷம் நகை உள்ளயே கிடக்கும். 2021ல இரசாயன உரத்தை நிப்பாட்டின போகத்துக்குப் பிறகு விவசாயக் கடன் எப்படிப் போச்சு எண்டு அந்த நேரம் வேலையில இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

பவுனுக்கு ஆகக்கூடத் தாற தொகையைக் குடுத்தா வாடிக்கையாளருக்குச் சந்தோசம், உங்களுக்கும் டார்கெட் அடிக்கும். ஆனா 2013ல உலகச் சந்தையில தங்கம் விழுந்தது, கூடின தொகைக்கு வைச்ச ஆக்கள் கன பேர் நகையத் திருப்பாமலே விட்டிட்டாங்க, இலங்கையில பேங்குகள் நல்லா அடி வாங்கினது. அதனால தேவையைக் கேட்டுக் குடுங்க. "எவ்வளவு தருவீங்க" எண்டு கேக்கிற ஆளிட்ட "உங்களுக்கு எவ்வளவு தேவை" எண்டு திருப்பிக் கேக்கப் பழகுங்க. ரெண்டு இலட்சம் தேவைப்பட்ட ஆளுக்கு மூண்டு இலட்சம் குடுத்தா மிச்சம் ஒரு இலட்சத்துக்கும் அவங்கதான் வட்டி கட்டணும்.

இலங்கை வங்கியாளர் நிறுவனத்தின்ர சோதினைகளைத் தள்ளிப் போடாதீங்க, கலியாணம் பிள்ளை எண்டு வந்த பிறகு புத்தகம் திறக்க மனம் வராது. சிங்களமும் படிங்க. அம்பாறை டவுன், மகாஓயா, தெகியத்தக்கண்டி எண்டு ட்ரான்ஸ்பர் வந்தா கை கொடுக்கும், கொழும்போட போன்ல ஒரு பைல் விஷயம் முடிக்கவும் அதுதான் லேசு.

ஆர் முதல்ல

வரிசையில நிக்கிற ஒழுங்குக்கு எல்லாரையும் கவனிக்கிறது நியாயம்தான், ஆனா நம்மட இடத்தில வாவியும் ஒண்டு இருக்கு. மண்முனைப் பாலம் 2014ல திறக்கிற வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்கள் பாதையில (ஆக்களை ஏத்திற மிதவைப் படகில) ஏறி வாவி கடந்துதான் இந்தக் கரைக்கு வருவாங்க, பாதையைத் தவறவிட்டா அண்டைய நாள் போச்சு. குருமண்வெளி மண்டூர்ப் பக்கம் பாதைதான் கன காலம். வாவிக்கு மேற்குப் பக்கத்துப் படுவான்கரையில இருந்து விடிய வெளிக்கிட்டு வந்த ஒரு விவசாயியை "போட்டோ கொப்பி ஒண்டு குறையுது, நாளைக்கு வாங்க" எண்டு அனுப்புறது எவ்வளவு பெரிய வேலை எண்டு கடல் பக்கத்து எழுவான்கரையில டவுனுக்குள்ள வளர்ந்த பிள்ளைக்கு விளங்காது. பிராஞ்ச்லயே கொப்பி எடுத்துக் குடுங்க. என்னென்ன கொண்டு வரணும் எண்டு ஒரு துண்டில தமிழ்ல எழுதி முதல் வரவிலயே குடுத்து விடுங்க. இந்தத் துண்டு எழுதுற பழக்கம் ஒண்டுக்காகவே சில மனேஜர்மார ஊர் இண்டைக்கும் நினைச்சு வைச்சிருக்கு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்து வாடிக்கையாளருக்கு அப்பொயின்மென்ட் குடுக்காதீங்க. வட்டி வேணாம் எண்டு சொல்ற முஸ்லிம் வாடிக்கையாளர்ட்ட விவாதம் பண்ணாதீங்க, நடைமுறைக் கணக்கு திறந்து குடுங்க, அல்லது வட்டியில்லா முறையில நடக்கிற பிரிவை, பேங்கைக் காட்டி விடுங்க. வாடிக்கையாளர் போனாலும் மரியாதை மிஞ்சும்.

பென்சன் நாள் கூட்டத்தைப் பத்திச் சொல்லியே ஆகணும். வயசு போன ஆக்கள் பாஸ் புக்கை நீட்டிட்டு "எவ்வளவு கிடக்கு மகன்" எண்டு கேப்பாங்க, காது கேக்காது, நீங்க கத்திச் சொன்னா முழு பேங்குக்கும் தெரியும். துண்டில பெரிசா எழுதிக் காட்டுங்க. கைநாட்டு வைக்கிற ஆக்களுக்கு சாட்சி ஒராள் வேணும், ஸ்லிப் நிரப்பிக் குடுக்கிற ஆளும் காசு குடுக்கிற ஆளும் ஒராளா இருக்கப்படாது, நீங்க எவ்வளவு நேர்மையான ஆளா இருந்தாலும் சரி. பேரன் கூட வந்து கார்டையும் பின் நம்பரையும் வைச்சிருந்தா பெத்தாவத் தனிய ஒரு நிமிஷம் கூப்பிட்டு "சல்லி உங்கட கைக்கு வருதா" எண்டு கேளுங்க. சிலவேளை ஒரு பதில் வரும், சிலவேளை கண்ணால வரும்.

இவங்களுக்குச் சொல்லவேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. பிக்ஸ் டிபொசிட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு நொமினி போட்டிருக்கா எண்டு பாருங்க, போடாம ஆள் மோசம் போனா பிள்ளையள் மரணச் சாதன வழக்கு எண்டு கோர்ட்டுக்கு நடக்க வேண்டி வரலாம். வட்டியில கழிக்கிற வரி 2025 ஏப்ரல்ல இருந்து 10 வீதம், வருஷ வருமானம் 18 இலட்சத்துக்கு மேல போகாத ஆக்கள் ஒரு பிரகடனம் குடுத்தா கழிக்காம விடலாம், இது தெரியாம எத்தனையோ ரிட்டயர்ட் ஆக்கள் வரி கட்டிக்கிட்டு இருக்காங்க. வைப்புக் காப்புறுதி, அதாவது நிறுவனம் விழுந்தா திரும்பக் கிடைக்கிற தொகை, ஒராளுக்கு ஒரு நிறுவனத்தில 11 இலட்சம் வரைக்கும்தான், 2021க்கு முதல் 6 இலட்சமா இருந்தது. வட்டி கூடத் தாறாங்க எண்டு முழு ஓய்வூதியப் பணத்தையும் ஒரே நிறுவனத்தில கொண்டு போய்ப் போடுற ஆளுக்கு, அது உங்கட பேங்க்கா இருந்தாலும், இதைச் சொல்லணும். பத்து வருஷம் தொடாம விட்ட கணக்கு மத்திய வங்கிக்குப் போயிரும், போனாலும் உரிமையாளர் கேட்டு எடுக்கலாம், வெளிநாட்டுக்குப் போன பிள்ளையள்ட சின்ன வயசுக் கணக்குகள் இப்படிக் கன கிடக்கு.

இல்லை எண்டு சொல்றது

லோன் குடுக்கிற ஆளுக்கு ஊர் தாற மரியாதையை விட லோன் குடுக்காத ஆளுக்குத் தாற மரியாதை நீண்ட காலம் நிக்கும், ஆனா குடுக்காத முறை ஒண்டு இருக்கு. கோயில் வீதியில, கலியாண வீட்டில, செத்த வீட்டில லோன் கதைக்காதீங்க. "திங்கக்கிழமை பேங்குக்கு வாங்க அண்ணன்" எண்டு மட்டும் சொல்லுங்க. வந்தா இருத்தி வைச்சு, இல்லை எண்டா இல்லை, ஏன் இல்லை, என்ன செய்தா ஆகும் எண்டு மூண்டையும் சொல்லுங்க. மூண்டாவது இல்லாம முதல் ரெண்டையும் சொன்னா அவர் நேரா வட்டிக்கடைக்குப் போவார்.

கன பேருக்கு கிரிப் அறிக்கை எண்டா என்னெண்டே தெரியாது, கடன் தகவல் பணியகம் வைச்சிருக்கிற உங்கட கடன் வரலாறுதான் அது. தான் எடுத்த கடன் மட்டுமில்ல, தான் பிணை நிண்ட கடனும் அதில வரும். "ஒரு கையொப்பம்தானே" எண்டு கூட்டாளிக்குப் பிணை நிண்ட வாத்தியார், தன்ட மகளுக்கு வீடு கட்ட லோன் கேக்க வரக்குள்ளதான் அந்தக் கூட்டாளி கட்டாம விட்டதைக் காணுவார். ஆரும் தன்ட அறிக்கையைத் தானே கேட்டு எடுக்கலாம் எண்டு சொல்லிக் குடுங்க. நீங்க ஆருக்கும் பிணை நிக்காதீங்க, சொந்த மச்சானுக்கும்.

குழுக் கடன் இன்னொரு நோவு. யுத்தம் முடிஞ்ச பிறகு நம்மட கிராமங்களுக்குள்ள நுண்கடன் கம்பனியள் வந்து பொம்பிளையளக் குழுவாச் சேர்த்துக் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசல்ல வசூலிச்சாங்க, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், ஒருத்தி கட்டாட்டி மற்றவங்க கட்டணும், சனம் வீட்ட விட்டு ஓடின கதையும் அதை விட மோசமான கதையும் எல்லாருக்கும் தெரியும். 2016ல நுண்நிதிச் சட்டம் வந்தது, 2018ல வறட்சி பாதிச்ச மாவட்டங்கள்ல ஒரு இலட்சம் வரைக்குமான பொம்பிளையள்ட நிலுவைக் கடனை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதுக்குப் பிறகும் நிக்கல்ல. இதில பேங்க்ல இருக்கிற ஆள் செய்யக்கூடியது ஒண்டு இருக்கு, மாதர் சங்கக் கூட்டத்தில ஒரு மணித்தியாலம் இருந்து வட்டிக் கணக்கைக் கரும்பலகையில போட்டுக் காட்டுறது. கிழமைக்கு இவ்வளவுதானே எண்டு நினைக்கிறது வருஷத்துக்கு எத்தனை வீதம் வருது எண்டு அவங்கட கையாலயே போட வையுங்க. எந்தக் கம்பனிட பேரும் சொல்ல வேணாம், கணக்குப் போதும். அதே கூட்டத்திலயே ஆள் சேர்த்தா காசு வரும் எண்டு சொல்ற பிரமிட் வியாபாரம் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவுப்படி குற்றம் எண்டதையும், ஓடிபி நம்பரை பேங்க்ல இருந்து ஆரும் கேக்கமாட்டாங்க எண்டதையும் சொல்லிருங்க.

தயிர்ச்சட்டிப் பிரச்சினை

சிரிக்காதீங்க, இது உண்மையான பிரச்சினை. லோன் கிடைச்ச ஆள் சந்தோசத்தில எருமைத் தயிர்ச்சட்டி ரெண்டைக் கொண்டு வந்து வைப்பார், அறுவடைக்குப் பிறகு புதுநெல்லு அரிசி வரும், சீசனுக்கு கஜு வரும். வேணாம் எண்டு முகத்தில அடிச்ச மாதிரித் திருப்பி அனுப்பினா அந்த வீட்டுக்குப் பிறகு போக ஏலாது. வாங்கினா அடுத்த லோனுக்குக் கை கட்டினது. நான் கண்ட வழி, சாப்பாட்டுச் சாமான் எண்டா மனேஜருக்குச் சொல்லிட்டு ஸ்டாப் ரூம்ல மத்தியானம் எல்லாருக்கும் வைக்கிறது, கொண்டு வந்தவர்ட்டயே "எல்லாரும் சாப்பிட்டம்" எண்டு சொல்றது. லோன் முடிவாக முதல் வந்த எதையும் தொடுறதில்ல. கவரா வந்தா அந்த இடத்திலயே திருப்பி, மனேஜருக்கும் எழுத்தில குடுக்கணும்.

இப்ப பொருளாளர் வேலை

இதுதான் நீங்க எல்லாரும் கேக்கிறது. கோயில், ஸ்கூல், மரண உதவிச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், எதுக்கும் சம்மதிக்க முதல் உங்கட பேங்க்ல வெளிப் பதவி வகிக்க அனுமதி எடுக்கணுமா எண்டு பாருங்க, எடுக்கணும் எண்டா எழுத்தில எடுங்க. ரெண்டாவது, சங்கத்தின்ர கணக்கு உங்கட பிராஞ்ச்லயே இருந்தா அந்தக் கணக்கின்ர எந்த வவுச்சரையும் நீங்க பாஸ் பண்ணாதீங்க. வேற ஒப்பிசர் செய்யட்டும். இதைக் கூட்டத்தில வெளிப்படையாச் சொல்லிருங்க, "நான் வெளியில பொருளாளர், உள்ள எனக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்ல."

ஒரே நேரத்தில எல்லாச் சங்கமும் வேணாம். ரெண்டு காணும். மூண்டாவதுக்குக் கேக்கக்குள்ள "கணக்குப் பார்த்துத் தாறன், பதவி வேணாம்" எண்டு சொல்லுங்க.

கணக்கு தலைவர், செயலாளர், பொருளாளர் மூண்டு பேர்ட பேர்ல, ரெண்டு பேர் கையொப்பம், அதில ஒண்டு பொருளாளர். திறக்கிறதுக்கு யாப்பு, பதிவுச் சான்றிதழ், கூட்டத் தீர்மானத்தின்ர பிரதி வேணும். வெறும் செக்கில கையொப்பம் வைச்சுக் குடுக்கிற தலைவர்மார் இருக்காங்க, "நீங்கதானே தம்பி, நம்பிக்கைதான்" எண்டு. அந்த நம்பிக்கையை வாங்காதீங்க. செக் புத்தகத்தை அவர்ட வீட்டுக்குக் கொண்டு போய், பில்லைக் காட்டி, தொகை எழுதின பிறகு கையொப்பம் வாங்குங்க. பெட்டகத்தின்ர ரெண்டு சாவி எண்டு சொன்னன்தானே, அது இதுதான்.

கோயில் கணக்கு தனி உலகம். நம்மட கோயில்கள்ல வண்ணக்கர் எண்டு நிர்வாகம் பார்க்கிற ஆள் இருக்கார், குடி எண்டு தாய்வழி வம்சப் பிரிவு இருக்கு, ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வொரு குடிக்கு. புதுசா வாற பொருளாளர் கம்பியூட்டர்ல எக்செல் திறந்து உபயகாரர்ட பேரை அகர வரிசைக்கோ தொகை வரிசைக்கோ மாத்திப் போட்டு அறிவித்தல் பலகையில ஒட்டினார் எண்டா அண்டு பின்னேரமே பஞ்சாயத்து. கோயில்ல என்ன முறை ஒழுங்கோ அந்த ஒழுங்கிலயே கணக்கும் போகணும். முதல் ஒரு வருஷம் பழைய கொப்பியப் பார்த்து அதே மாதிரி எழுதுங்க, உங்கட புது யோசனையெல்லாம் அடுத்த வருஷம்.

ரசீதுப் புத்தகத்துக்கு இலக்கம் அடிச்சிருக்கணும், ஆருக்கு எந்தப் புத்தகம் குடுத்தது எண்டு கையொப்பத்தோட ஒரு பதிவு வேணும், பாவிக்காத ரசீதும் திரும்பி வரணும். கன கோயில்கள்ல சல்லி தொலைஞ்சதே இல்ல, ரசீதுப் புத்தகம் தொலைஞ்சிருக்கு, அதுக்கே வருஷக் கணக்காச் சண்டை. உண்டியல் எண்ணக்குள்ள குறைஞ்சது மூண்டு பேர், வேற வேற குடியில இருந்து, எண்ணி முடிஞ்ச உடனே மூண்டு பேரும் ஒரு தாள்ல கையொப்பம், அடுத்த வேலை நாள் காலையில அந்தத் தொகை அப்படியே பேங்குக்கு. அதில இருந்து எடுத்துப் பூக்காரருக்கு, மேளகாரருக்குக் குடுத்திட்டு மிச்சத்தைப் போடாதீங்க. வந்தது முழுக்க உள்ள போகணும், செலவு செக்காலயோ சில்லறைச் செலவுக் காசாலயோ தனியப் போகணும். வரவையும் செலவையும் கையிலயே கலந்தா பிறகு கடவுளாலயும் பிரிக்க ஏலாது.

சில்லறைக் காசை பிராஞ்சுக்குக் கொண்டு போக முதல் கேஷியர்ட்ட ஒரு நாள் கேட்டுக்கிட்டுப் போங்க, பென்சன் நாள்ல ரெண்டு சாக்குக் குத்தியோட போய் நிண்டா நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேப்பாங்க. திருவிழாவோ வைகாசிச் சடங்கோ முடிஞ்சு ஒரு கிழமைக்குள்ள வரவு செலவு பலகையில ஒட்டுப்படணும், பிந்தினா ஊர் தானே ஒரு கணக்குப் போட்டிரும். கோயில் சல்லியை ஆருக்கும் கைமாத்துக் குடுக்காதீங்க, வண்ணக்கர் சொன்னாலும், "நாளைக்கே தருவார்" எண்டாலும்.

மரண உதவிச் சங்கம் இந்த ஒழுங்குக்குள்ள முழுசா அடங்காது. சாவு பேங்க் திறக்கிற நேரம் பார்த்து வராது, சனிக்கிழமை இரவு ஒரு வீட்டில இழவு விழுந்தா ஞாயிறு விடிய பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு வேணும். அதனால இது ஒண்டுக்கு மட்டும் கையில காசு வைச்சிருக்கத்தான் வேணும், ரெண்டு மரணத்துக்குக் காணுற தொகை, அதையும் பொருளாளரும் இன்னொராளும் பாதி பாதியா வேற வேற வீட்டில. குடுக்கிற நேரம் ரசீது வாங்க மனம் வராது, அழுது கொண்டிருக்கிற பிள்ளையிட்டப் போய் கையொப்பம் கேக்க ஏலுமா. அந்த வீட்டுக்கு வந்திருக்கிற சங்க அங்கத்தவர் ரெண்டு பேரைச் சாட்சி வைச்சுக் குடுங்க, எட்டு முடிஞ்ச பிறகு போய் கையொப்பம் எடுங்க. சந்தா கட்டாம நிலுவையில இருக்கிற வீட்டில மரணம் வந்தா என்ன செய்யிறது எண்டு முதல்லயே யாப்பில எழுதி வைக்கணும். பிணத்தை வைச்சிக்கிட்டு அந்தக் கூட்டம் போடக் கூடாது.

ஸ்கூல் அபிவிருத்திச் சங்கம் லேசு, சுற்றுநிருபம் இருக்கு, அதிபர்தான் தலைவர், சொன்ன மாதிரிச் செய்தாக் காணும்.

வெளிநாட்டுச் சல்லி

சுவிஸ், லண்டன், கனடாவில இருந்து ஊர்ப் பிள்ளையள் அனுப்புவாங்க, வகுப்பறைக்கு, கோபுரத்துக்கு, வெள்ள நிவாரணத்துக்கு. "அண்ணன் உங்கட அக்கவுண்ட் நம்பரைத் தாங்க, போட்டு விடுறன், சங்கத்துக்கு எண்டா கன கேள்வி கேப்பாங்க" எண்டு வட்ஸ்அப்ல வரும். இந்த இடத்தில வழுக்கின ஆக்கள் கன பேர், சல்லி எடுக்காத ஆக்களும் கூட. உங்கட சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வேணாம். சங்கக் கணக்குக்கு, நோக்கம் எழுதின ஒரு கடிதத்தோட. 10 இலட்சமும் அதுக்கு மேலயும் போனா பேங்க் மத்திய வங்கியில இருக்கிற நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கிறது 2006ம் ஆண்டு நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்ர கடமை, அது உங்களைக் கள்ளன் எண்டு நினைச்சுச் செய்யிறதில்ல, அனுப்புற தம்பிமாருக்கும் இதை முதல்லயே விளங்கப்படுத்துங்க.

செலவழிக்கக்குள்ள மூண்டு இடத்தில விலை கேட்ட தாள், பில், வேலைக்கு முதல் ஒரு போட்டோ, பிறகு ஒரு போட்டோ. மிஞ்சின தொகையை அவங்களைக் கேக்காம வேற வேலைக்கு மாத்தாதீங்க, அது நல்ல வேலையா இருந்தாலும்.

கடல் வந்த நேரம்

1978 கார்த்திகைச் சூறாவளியைப் பத்தி மூத்த ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், 2004 டிசம்பர் 26 சுனாமி கண்ணால கண்டது. பாஸ் புக், அடகு ரசீது, ஐசி (அடையாள அட்டை) மூண்டும் கடலோட போன ஆக்கள் வந்து நிண்டாங்க, உடுத்த உடுப்போட. அப்படி ஒரு நாள்ல சட்டப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லல்ல, ஆனா எந்தப் பக்கம் திறக்கணும் எண்டு தெரிஞ்சிருக்கணும். கையொப்ப அட்டை பிராஞ்ச்ல இருக்கு, கிராம சேவகர்ட கடிதம் வாங்கலாம், சத்தியக் கடதாசி முடிக்கலாம், ஆளைத் தெரிஞ்ச ஸ்டாப் சாட்சி நிக்கலாம். அண்டைக்கு ஒவ்வொரு வீட்டையும் முகத்தாலயே தெரிஞ்சு வைச்சிருந்த பியோன் ஐயாதான் எங்களுக்கு ஆகப் பெரிய உதவி.

இப்ப ஒவ்வொரு மார்கழியும் வெள்ளம் வருது. மழை தொடங்க முதல் உங்கட பகுதி ஆக்களுக்குச் சொல்லுங்க, அடகு ரசீது, பாஸ் புக், காணி உறுதி, ஐசி எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெளியூர்ல இருக்கிற பிள்ளைக்கு அனுப்பிட்டு, அசலை ஒரு பொலித்தீன் பையில போட்டு உயர வைக்கச் சொல்லி.

ட்ரான்ஸ்பரும் ரிட்டயர்மென்டும்

ட்ரான்ஸ்பர் வந்தா எம்பி ஒபிசுக்கு ஓடாதீங்க. பொத்துவில், வாகரை எண்டு தூரமா அனுப்பினா போயிட்டு வாங்க, அங்க மீன்பிடிக் கடனும் மாட்டுக் கடனும் படிக்கலாம். ஒரே பிராஞ்ச்ல கன காலம் இருந்தா உங்களுக்குத் தெரியாமலே உங்கட மேசையில ஒரு ராச்சியம் உருவாகிரும், அது ஓடிட்டுக்கும் நல்லதில்ல உங்களுக்கும் நல்லதில்ல. ஆனா ட்ரான்ஸ்பர்ல போகக்குள்ள ஊர்ச் சங்கப் பொறுப்பைத் தூர இருந்து பிடிச்சிக்கிட்டு இருக்காதீங்க, குடுத்திட்டுப் போங்க.

ரிட்டயர் ஆன பிறகு வாசிகசாலையில கிழமையில ஒரு பின்னேரம் இருக்கிறது நல்லது, படிவம் நிரப்ப, பேங்க்ல இருந்து வந்த கடிதத்தை வாசிச்சுச் சொல்ல, ஓஎல் வர்த்தகப் பாடம் செய்யிற பிள்ளையளுக்கு ஐந்தொகை சொல்லிக் குடுக்க. ஒரு வரம்பு வையுங்க, வாசிச்சுச் சொல்லலாம், நிரப்பிக் குடுக்கலாம், கையொப்பமும் பின் நம்பரும் அவங்கட. ஆருக்காகவும் காசு எடுத்துக் குடுக்க கார்டை வாங்கிட்டுப் போகாதீங்க. பழைய பிராஞ்சுக்குள்ள கவுண்டருக்கு உள்பக்கம் போய்க் கதிரையில இருந்து கதைக்கிற பழக்கமும் வேணாம், இப்ப இருக்கிற பிள்ளையளுக்கு அது தலையிடி.

பொருளாளர் பதவியைக் குடுக்கிற முறையோட முடிக்கிறன். பொதுக் கூட்டத்துக்கு முதல் பேங்க் ஸ்டேட்மென்டையும் காசுப் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்து, வெளிய போய் இன்னும் மாறாத செக் இருந்தா அதைத் தனியா எழுதுங்க, ஆறு மாசம் தாண்டின செக் எண்டா ரத்துப் பண்ணிப் புதுசு குடுங்க. ரசீதுப் புத்தகங்கள், செக் புத்தகம், பில் கோவை, கோயில் நகைப் பட்டியல் எல்லாத்துக்கும் ஒரு தாள், புதுப் பொருளாளரும் நீங்களும் ரெண்டு சாட்சியும் கையொப்பம், ஒரு பிரதி உங்கட வீட்டில. நகையைப் பட்டியலோட வைச்சு நிறுத்துக் குடுங்க, எண்ணி மட்டும் குடுக்காதீங்க. கூட்டத் தீர்மானத்தோட அடுத்த நாளே பேங்குக்குப் போய் கையொப்ப அட்டையை மாத்துங்க, அதை மாத்தாம விட்டிட்டுப் போனா கூட்டத்தில மாலை போட்டு அனுப்பின ஆளைத் தேடி மூண்டு மாசத்துக்குப் பிறகு செக்கோட வருவாங்க.